சத்தம் வந்துவிட்டதாக எழுதிக்கொடுத்தேன்

முதன்முதலாகச் சத்தம் வந்தபோது வீட்டில் இருந்தது நானும் அம்மாவும்தான். அப்பா இல்லை, தேக்காவில் அவர் வேலை பார்க்கும் மளிகைக் கடையில் தீபாவளிக் கூட்டம் தொடங்கிவிட்டது, ஞாயிற்றுக்கிழமையும் போயாக வேண்டும். பெட்டியைத் தேடிப்பிடித்துக் கொடுத்த நண்பனும் இல்லை. "வந்துட்டே இருக்கேன் மச்சான்" என்று மூன்று முறை செய்தி அனுப்பியவன், கடைசிவரை வந்துகொண்டேதான் இருந்தான்.

அம்மா சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். தொலைக்காட்சியிலிருந்து ஒரு குரல், தண்ணீருக்கு அடியில் படுத்துக்கொண்டு பேசுவதுபோல, இழுத்து இழுத்து ஏதோ சொன்னது.

"யாருடா அது? பொணம் எந்திரிச்ச மாதிரி?"

"சத்தம்மா! சத்தம் வந்துருச்சு!"

"இதுக்கா ரெண்டு மாசமா அதுக்கு முன்னாடி தவம் கெடந்த? வந்தது நல்லாவே இல்லையே."

நன்றாக இல்லைதான். ஒரு பெண் குரல் 'ஃப்ரண்ட் லெஃப்ட்', 'ஃப்ரண்ட் ரைட்' என்று மாறி மாறிச் சொல்ல வேண்டும். ஸ்பீக்கரைச் சோதிக்க லினக்ஸில் இருக்கும் குரல் அது. எனக்கு வந்ததோ காய்ச்சலில் கிடக்கும் ஓர் ஆணின் முனகல். இருந்தாலும் என்னால் உட்கார முடியவில்லை. எழுந்து வாசல்வரை போனேன், திரும்பி வந்தேன், மறுபடி போனேன். எங்கள் வீடு கிளமெண்டியில் ஒரு மூவறை வீடு. அதில் நடப்பதற்குப் பன்னிரண்டு எட்டுக்கு மேல் இடமில்லை.

பெட்டி என்று நாங்கள் சொன்னது பழைய கேம் கன்சோல் ஒன்றை. அதைத் தயாரித்தவர்கள் அனுமதிப்பதைத் தவிர வேறெதையும் அது ஓட்டாது. ஆனால் அதற்குள் ஓடும் மென்பொருளின் ஒரு பழைய பதிப்பில் ஓட்டை ஒன்று இருந்தது. அதன் வழியாக நுழைந்தால் லினக்ஸை ஏற்றி, அதை முழுக் கணினியாக ஆக்கிவிடலாம். அணைத்தால் எல்லாம் மறந்துவிடும். மறுபடி முதலிலிருந்து நுழைய வேண்டும். மூன்று முறை தட்டினால் ஒருமுறை திறக்கும். ஒரே ஒரு எச்சரிக்கை: புதிய பதிப்புக்கு அப்டேட் செய்தால் ஓட்டை அடைபட்டுவிடும், பிறகு திரும்பி வர வழியே கிடையாது. அதனால் பெட்டியை இணையத்தோடு சேர்க்கவே கூடாது.

லினக்ஸ் ஏறியது. படம் வந்தது. சத்தம் மட்டும் வரவில்லை. பெட்டிக்குள் படத்தையும் சத்தத்தையும் தொலைக்காட்சிக் கம்பிக்கு மாற்றிக்கொடுக்க ஒரு சிறிய சிப் இருக்கிறது. லினக்ஸ் அதோடு பேச ஒரு நிரல் வேண்டும். அதற்கு டிரைவர் என்று பெயர். ஆரம்பகாலப் பெட்டிகளில் இருந்த சிப்புக்கு யாரோ எழுதிவைத்திருந்தார்கள். என்னுடையது பிற்கால மாடல், வேறு சிப். அதற்கு இருந்தது, இணையக் குழு ஒன்றில் முகம் தெரியாத ஒருவர் அரைகுறையாகப் போட்டுவிட்டுப் போன ஒரு பரிசோதனை நிரல்தான். 'சிலருக்கு வேலை செய்யலாம், என்னைக் கேட்காதீர்கள்' என்று எழுதியிருந்தார்.

இதில் நான் இவ்வளவு துடித்ததற்குக் காரணம் பெட்டி அல்ல, ஒரு விண்ணப்பப் படிவம்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுசாக முடித்தவன் நான் ஒருவன்தான். அப்பா மூன்றாம் வகுப்போடு நின்றவர். அம்மாவுக்கு அதுவும் இல்லை. வீட்டுக்கு வரும் கடிதங்கள் எல்லாம் நான் வேலை முடிந்து வந்து பிரிக்கும்வரை சாப்பாட்டு மேசையில் காத்திருக்கும். பாலிடெக்னிக் முடித்து, கட்டாய ராணுவப் பயிற்சியான தேசிய சேவையும் முடித்து, ஒரு லிஃப்ட் நிறுவனத்தில் பராமரிப்பு வேலையில் சேர்ந்திருந்தேன். மதிப்பெண் சுமார். பல்கலைக்கழகம் வீட்டிலிருந்து பஸ்ஸில் பத்து நிமிடம். நான்கு ஆண்டுகளாக அதன் வாசலைக் கடந்துதான் எங்கும் போய்க்கொண்டிருந்தேன். பகுதிநேரப் பொறியியல் பட்டத்துக்கு விண்ணப்பித்தபோது ஒரு கேள்வி இருந்தது: மதிப்பெண்ணைத் தவிர, நீங்களாகச் செய்த ஒன்றைப் பற்றி எழுதுங்கள். நான் எழுதினேன்: 'ஹேக் செய்த கேம் கன்சோலில் லினக்ஸை ஏற்றி, இதுவரை வராத சத்தத்தை வரவைத்திருக்கிறேன்.'

எழுதிய அன்று சத்தம் வரவில்லை. ஒரு முறை 'டப்' என்று ஒரு வெடிப்பு, மூன்று விநாடி கரகரப்பு. அவ்வளவுதான். அடுத்த வாரம் வந்துவிடும் என்று நம்பித்தான் எழுதினேன். ஆனால் அடுத்த வாரம் வந்தது நேர்காணல் அழைப்பு. முடிந்தால் கருவியைக் கொண்டுவந்து காட்டவும் என்று கடைசி வரி.

அதிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. லிஃப்ட் கூண்டின் மேல் நின்று எண்ணெய் போடும்போதும் கைப்பேசியில் அந்த இணையக் குழுவைத் திறந்து பார்ப்பேன். மதியச் சாப்பாட்டு நேரத்தில் பரோட்டாவை ஒரு கையில் பிய்த்துக்கொண்டு மறு கையில் நிரலைத் தள்ளித் தள்ளிப் படிப்பேன். ஒருநாள் வேலையிடத்துக்குப் போக வேண்டிய பஸ்ஸை விட்டு எதிர்ப்பக்கப் பஸ்ஸில் ஏறி மூன்று நிறுத்தம் போய்விட்டேன்.

முனகல் வந்த ஞாயிறு முதல் வியாழன்வரை வேலை முடிந்து வந்ததும் அதே வேலை. ஓர் எண்ணை மாற்று, நிரலைத் தொகு, பெட்டியை அணை, மறுபடி ஓட்டை வழியாக நுழை, கேள். பெட்டி ஒரு வேகத்தில் சத்தத்தை ஊற்றுகிறது, சிப் வேறு வேகத்தில் குடிக்கிறது என்று செவ்வாய்க்கிழமை புரிந்தது. அந்த வேகத்தைச் சொல்லும் இடம் எது என்று வியாழக்கிழமை கிடைத்தது. மாற்றினேன். முனகிக்கொண்டிருந்தவன் போய், ஒரு பெண் தெளிவாக, பஸ்ஸில் அடுத்த நிறுத்தம் சொல்வதுபோல, 'ஃப்ரண்ட் லெஃப்ட்' என்றாள்.

"இப்பத்தான் மனுசக் குரல்" என்றார் அம்மா. கையில் கரண்டியோடு வந்து நின்றார். நான் கைப்பேசியில் பதினொரு விநாடி காணொளி எடுத்து நண்பனுக்கு அனுப்பினேன். தேக்காவில் கைப்பேசி பழுதுபார்க்கும் சின்னக் கடையில் வேலை செய்பவன் அவன். உடனே குரல்செய்தி வந்தது: "டேய், நீ உண்மையிலேயே செஞ்சிட்டியா? நீ சும்மா பீலா வுடுறன்னுதான் நான் நெனச்சேன் லா!"

நேர்காணல் அடுத்த வெள்ளிக்கிழமை. நிரலை அந்த இணையக் குழுவில் போட்டுவிடலாம் என்று தோன்றியது. போடவில்லை. முதலில் நான் காட்ட வேண்டும், அப்புறம் மற்றவர்கள் எடுத்துக்கொள்ளட்டும் என்று பிடித்து வைத்துக்கொண்டேன்.

அந்தச் சனிக்கிழமை சரஸ்வதி பூஜை. எங்கள் வீட்டில் அது கிட்டத்தட்ட எனக்கான பூஜை. வைப்பதற்குப் புத்தகம் வேறு யாரிடமும் இல்லை. தொடக்கப்பள்ளித் தமிழ்ப் புத்தகத்திலிருந்து பாலிடெக்னிக் சான்றிதழ்வரை அம்மா ஒவ்வோர் ஆண்டும் அடுக்குவார். அன்று காலை நான் எழுந்து வந்தபோது தொலைக்காட்சி மேசையிலேயே பூஜை அமைத்துவிட்டிருந்தார். நடுவில் பெட்டி. அதன் நெற்றியில் சந்தனம், குங்குமம், ஒரு முழம் மல்லிகை.

எனக்குப் பூவும் சந்தனமும் பெரிதாகத் தெரியவில்லை. பெட்டிக்குப் பின்னால் தொங்கிய இணையக் கம்பிதான் கண்ணில் பட்டது. முந்தைய மாலை லினக்ஸுக்குள் இருந்தபடி ஒன்றைத் தரவிறக்க மாட்டியது, கழற்ற மறந்திருந்தேன். கையை நீட்டினேன்.

"தொடாத!"

"ஒரே ஒரு கம்பிம்மா. உருவிட்டுப் போறேன்."

"பூஜைக்கு வச்சத நாளைக்குக் காலைலதான் தொடணும். படிச்சவன்தானே நீ? இதுகூடத் தெரியாதா?"

பெட்டி அணைந்துதான் இருந்தது. அணைந்த பெட்டி என்ன செய்யும்? சனிக்கிழமை அரைநாள் வேலை, ஏற்கெனவே தாமதம். விட்டுவிட்டுப் போனேன்.

மதியம் இரண்டு மணிக்குத் திரும்பினேன். வீடெல்லாம் கற்பூர வாசனை. தொலைக்காட்சி ஒளிர்ந்துகொண்டிருந்தது. பெட்டியின் முகப்புத் திரை அதில் தெரிந்தது. நான் பார்த்தே இராத புதிய முகப்பு.

"அம்மா, இதை யாரு போட்டது?"

"நான்தான். அப்பா கடையில பில் போடுற மெசினை ஓடவிட்டுத்தானே கற்பூரம் காட்டுவாங்க? தூங்குற சாமானுக்கா பூஜை பண்றது? ஸ்விட்ச் போட்டேன். ஏதோ எழுத்தா வந்து கேட்டுச்சு. அந்தக் கைப்பிடியில நீலப் பட்டன் இருந்துச்சு, அமுக்கினேன். கொஞ்ச நேரம் கோடு ஓடிச்சு. திரும்பக் கேட்டுச்சு, திரும்ப அமுக்கினேன்."

"தொடக்கூடாதுன்னு நீதானம்மா சொன்ன?"

"பூஜை பண்றவ தொடலாம்டா. அது வேற. நீலம்னா ஓகே, செவப்புன்னா வேணாம்னு நீதானே சொல்லிக்குடுத்த?"

சொல்லிக்கொடுத்தது நான்தான். அம்மாவின் கைப்பேசியில் ஆங்கிலத்தில் எது வந்தாலும் பயந்து எனக்கு அழைப்பார். நூறு முறை அழைத்த பிறகு அந்த ஒரு விதியைக் கற்றுக்கொடுத்தேன். அப்டேட் கேட்டால் உடனே செய்துவிட வேண்டும், இல்லாவிட்டால் ஏமாற்றுக்காரர்கள் உள்ளே வந்துவிடுவார்கள் என்றும் சொல்லியிருந்தேன். அவர் அதைத்தான் செய்திருந்தார்.

நான் வெளியே போய் நடைபாதையில் நின்றேன். கொஞ்ச நேரத்தில் அம்மா பின்னால் வந்தார். "என்னடா ஆச்சு? கெட்டுப்போச்சா?" கெடவில்லை, முன்பைவிட நன்றாகவே இருக்கிறது, அதுதான் பிரச்சினை என்று சொன்னேன். அவருக்குப் புரியவில்லை. ஆனால் என் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போய், பெட்டியின் மேல் இருந்த மல்லிகையை எடுத்துச் சாமி படத்துக்கே போட்டுவிட்டார்.

நண்பனிடம் சொன்னேன். "சோலி முடிஞ்சுது மச்சான்" என்றான். "இன்னொன்னுதான் பாக்கணும். யாராச்சும் வாங்கி, நெட்டே போடாம, அலமாரிக்குள்ள தூக்கிப் போட்டிருக்கணும். அந்த மாதிரி சாமான்."

பழைய பொருள் விற்கும் செயலியில் இரண்டு நாளில் நாற்பதுக்கும் மேற்பட்டவர்களுக்கு எழுதினேன். எந்தப் பதிப்பு என்று ஒரு படம் எடுத்து அனுப்ப முடியுமா? ஒருவர் 'கறுப்பு நிறம், ப்ரோ' என்று பதில் அனுப்பினார். இன்னொருவர் தன் பூனை பெட்டிமேல் தூங்கும் படத்தை அனுப்பினார். செவ்வாய்க்கிழமை கேலாங்கில் ஒரு பெரியவர் எழுதினார்: மகனுடையது, மகன் வெளிநாடு போய் வெகுநாள் ஆகிறது, எதுவும் தெரியாது, வந்து பார்த்துக்கொள். விலை நூற்றிருபது வெள்ளி.

நானும் நண்பனும் கிளம்பினோம். அப்பா தானும் வருவேன் என்றார். தீபாவளி நேரத்தில் கடையில் அரைநாள் கேட்பது சுலபமில்லை. "சம்பளத்தப் பிடிச்சுக்கங்கன்னு சொல்லிட்டேன்" என்று சட்டையை மாட்டினார். "சாமான் வாங்கப் போறப்ப ரெண்டு பொடியன் மட்டும் போனா தலையில மொளகா அரைப்பான்." சிவன் கோயிலுக்குப் பக்கத்து அடுக்குமாடிதான் என்றதும் அவருக்குப் பாதி நம்பிக்கை வந்துவிட்டது.

சீனப் பெரியவர் பெட்டியைத் துடைத்து வைத்திருந்தார். தொலைக்காட்சியில் மாட்டி, பதிப்பு எண் தெரியும் பக்கத்துக்குப் போனேன். எண் வந்தது. பழையது. ஓட்டை உள்ளது. என் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்திருக்க வேண்டும். நண்பன் என் காலை மிதித்தான். பெரியவர் திரையைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார்.

"இருநூத்தி இருபது" என்றார் ஆங்கிலத்தில்.

"அங்கிள், நூத்தி இருபதுன்னு போட்டிருந்தீங்களே" என்றேன்.

அவர் தோளைக் குலுக்கினார். அப்பா என்னைப் பின்னால் தள்ளிவிட்டு முன்னால் வந்தார். இருவரும் மலாயில் தொடங்கினார்கள். குறைக்க முடியுமா என்று அப்பா. "தாபோலே லா", முடியாது என்று அவர் தலையை ஆட்டினார். அப்பா பெட்டியைத் தூக்கி அதன் அடியைப் பார்த்தார், முகர்ந்தார், கரப்பான் பூச்சி இருக்கும் என்று சைகை காட்டினார். பெரியவர் சிரித்தேவிட்டார். நூற்றெண்பதில் நின்றது. கீழே இறங்கும்போது அப்பா சொன்னார்:

"பொருளப் பாத்துப் பல்லிளிச்சா வெலை ஏறத்தான் செய்யும். அறுபது வெள்ளி உன் மூஞ்சிக்குக் குடுத்தது."

வீட்டுக்கு வந்து மாட்டினோம். மூன்றாவது முறை கதவு திறந்தது. என் நிரலோடு லினக்ஸை ஏற்றினேன். அமைதி. முனகல்கூட இல்லை. லினக்ஸ் திரையில் காட்டிய வரிகளைத் தேடிப் பார்த்தபோதுதான் தெரிந்தது: இது ஆரம்பகால மாடல். உள்ளே இருப்பது பழைய சிப். ஏற்கெனவே யாரோ எழுதிவைத்த டிரைவரைப் போட்டேன். முதல் முறையிலேயே அந்தப் பெண், குழாயைத் திறந்ததுபோல, கணீரென்று பேசினாள்.

"வந்துருச்சா?" என்று அப்பா எழுந்தேவிட்டார்.

"வந்துருச்சுப்பா."

அம்மா சமையலறை வாசலில் நின்று கையெடுத்துக் கும்பிட்டார். நான்கு நாளாக அவர் என்னோடு சரியாகப் பேசவில்லை. இப்போது பாயசம் வைக்கட்டுமா என்று கேட்டார். வரும் சத்தத்தில் என் ஒரு வரிகூட இல்லை என்று அந்த இருவரிடமும் எப்படிச் சொல்வது?

நண்பனிடம் மட்டும் சொன்னேன். "சத்தம் வருதா, வரலியா?" என்றான்.

"வருது. ஆனா என்னோடது இல்ல."

"அத அவங்க பெட்டியப் பிரிச்சா பாக்கப் போறாங்க? காட்டுடா, சீட்ட வாங்குடா, அப்புறம் நல்லவனா இரு."

அவன் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. இரண்டு நாள் அதைச் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். லிஃப்ட்டில் மேலே போகும்போது காட்டிவிடலாம் என்று தோன்றும். கீழே வரும்போது வேண்டாம் என்று தோன்றும். அன்று பதினேழு மாடிக் கட்டடம். முப்பது தடவையாவது ஏறி இறங்கியிருப்பேன். வியாழக்கிழமை மாலை, பிடித்து வைத்திருந்த என் நிரலை இணையக் குழுவில் போட்டேன். என்னிடம் அந்த மாடல் இப்போது இல்லை, யாராவது சோதித்துச் சொல்லுங்கள் என்று எழுதினேன். யாரும் பதில் போடவில்லை.

வெள்ளிக்கிழமை அம்மாவின் சந்தைத் தள்ளுவண்டியில் இரண்டு பெட்டிகளையும் துண்டில் சுற்றி வைத்து இழுத்துக்கொண்டு போனேன். அதன் ஒரு சக்கரம் கீச்சிட்டது. அந்த வாசலுக்குள் அன்றுதான் முதன்முறையாகப் போனேன்.

மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். கேலாங் பெட்டியை மாட்டினேன். அதிர்ஷ்டம், முதல் முறையே திறந்தது. குரல் வந்தது. ஒருவர் புன்னகைத்துத் தாளில் ஏதோ குறித்தார். நடுவில் இருந்த பெண்மணி மட்டும் குனிந்து திரையைப் பார்த்தார். இதில் உங்கள் வரிகள் எவை என்று கேட்டார்.

இரண்டாவது பெட்டியைத் துண்டிலிருந்து எடுத்து மேசையில் வைத்தேன். பிறகு சொன்னேன். இதில் எதுவும் இல்லை. என் வரிகள் இரண்டாவது பெட்டிக்கானவை. அதில் இனி லினக்ஸையே ஏற்ற முடியாது, காரணம் பூஜையன்று நடந்த அப்டேட். படிவத்தில் வந்துவிட்டது என்று எழுதிய அன்று சத்தம் வரவில்லை; அது பொய். வந்தது பிறகு, ஒரு வியாழக்கிழமையிலிருந்து சனிக்கிழமைவரை. காணொளியைக் காட்டினேன். அதில் தெரிந்தது தொலைக்காட்சியும் அம்மாவின் முழங்கையும் கரண்டியும். குரல் எங்கிருந்து வருகிறது என்று அது சொல்லாது.

புன்னகைத்தவர் பேனாவை மூடிவிட்டார். அந்தப் பெண்மணி என் நிரலைத் தாளில் கேட்டார். பதினொரு பக்கம் அச்செடுத்து வைத்திருந்தேன். ஊற்றும் வேகம், குடிக்கும் வேகம், ஏன் அந்த எண், ஏன் வேறு எண் இல்லை என்று கேட்டுக்கொண்டே போனார். சிலவற்றுக்குப் பதில் சொன்னேன். கணக்கு தேவைப்பட்ட இடங்களில் தடுமாறினேன். கடைசியில், அதே மாடல் வைத்திருக்கும் எவராவது சோதித்துச் சொன்னால் அனுப்பிவையுங்கள், நல்லதோ கெட்டதோ, என்றார்.

ஒன்பது நாள் கழித்துப் பதில் வந்தது. எந்த நாடு என்றே தெரியாத ஒருவர். சத்தம் தெளிவாக வருகிறது, நன்றி, ஆனால் இடமும் வலமும் மாறி வருகின்றன என்று எழுதியிருந்தார். எங்கள் வீட்டுச் சின்னத் தொலைக்காட்சியில் இரண்டும் ஒரே இடத்திலிருந்து வருவதுபோலத்தான் கேட்கும். நான் கவனித்ததே இல்லை. இடம் வலத்தைத் திருத்திவிட்டு அனுப்பலாமா என்று ஒரு மணி நேரம் நடந்தேன். பிறகு அவர் எழுதியதை அப்படியே அந்தப் பெண்மணிக்கு அனுப்பினேன்.

பல்கலைக்கழகத்திலிருந்து கடிதம் வந்த அன்று வழக்கம்போல அதைச் சாப்பாட்டு மேசையில் வைத்திருந்தார்கள். இந்த முறை அப்பாவும் கடையிலிருந்து சீக்கிரம் வந்து உட்கார்ந்திருந்தார்.

"படி" என்றார்.

ஜனவரியில் இடம் இல்லை. முதலில் கணக்குக்கான ஆயத்த வகுப்பு ஒன்றைச் சொந்தச் செலவில் படித்துத் தேற வேண்டும். தேறினால் ஆகஸ்டில் இடம் உறுதி.

"அப்படின்னா கெடைச்சிருச்சா, இல்லையா?" என்றார் அம்மா.

"தேறினா கெடைச்சிரும்மா."

"அப்ப கெடைச்சிருச்சு" என்று எழுந்து போனார்.

அப்பா எழவில்லை. கடையில் பழகியவர், மொத்தம் எவ்வளவு ஆயிற்று என்று தெரிந்தாக வேண்டும். என் பழைய பெட்டிக்கு நூற்றறுபது, கேலாங் பெட்டிக்கு நூற்றெண்பது, ஆயத்த வகுப்புக்கு நானூற்று இருபது, கம்பிகள், அச்செடுத்தது, அவரிடம் கடையில் பிடித்துக்கொண்ட அரைநாள் சம்பளம். நான் சொல்லச் சொல்ல அவர் மனத்திலேயே கூட்டினார். நான் கைப்பேசியில் கூட்டி முடிப்பதற்கு முன்பே சொல்லிவிட்டார்: எண்ணூற்று நாற்பது வெள்ளி.